பெண்ணையில் ஒன்பது நாள்

சாத்தனூரில் தண்ணீர் திறந்த மூன்றாம் நாள் இறக்கினேன்.
ஆரஞ்சு நிறக் கயாக்.
சுண்ணாம்பாற்றுப் படகுக் குழாமில் கழித்துக் கட்டி
ஏலம் விட்டபோது எடுத்தது.
அடியில் ஒரு விரிசல், எம்-சீல் அப்பியிருந்தேன்.
பக்கவாட்டில் வெள்ளைப் பெயிண்டில் 14.
அழிக்கத் தோன்றவில்லை.

திருக்கோவிலூர்ப் பாலத்தின் மேலிருந்து
ஒரு போலீஸ்காரர் கத்தினார்:
எங்கம்மா போற?
கடலூருக்கு.
பஸ் இருக்கே!

இருக்கிறது.
என்ன சொல்லலாம் என்று யோசிப்பதற்குள்
ஆறு என்னைப் பாலத்துக்கு அந்தப் பக்கம் சேர்த்துவிட்டது.

எல்லீஸ் சத்திரம் தாண்டியதும்
ஆறு இருந்தது, தண்ணீர் இல்லை.
நான் நம்பி வந்த தண்ணீர்
எனக்கு முன்னால் ஓடிவிட்டதா
மணலுக்குள் இறங்கிவிட்டதா தெரியவில்லை.
இடுப்பில் கயிறு கட்டி இழுத்தேன்.
இருபத்திரண்டு கிலோ.
மாடி வீட்டில் யாரோ இரும்புக் கட்டிலை நகர்த்துவதுபோல்
நாள் முழுக்க ஒரே சத்தம்.
ஆடு மேய்த்தவர் ஒருவர்
பின்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு
ஒரு பர்லாங் வந்தார்.
ஒன்றும் கேட்கவில்லை.
ஆடுகள் வேறு திசையில் போனதும்
இறக்கி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

துடுப்புப் போட்டது எத்தனை கிலோமீட்டர்
இழுத்தது எத்தனை என்று
நோட்டில் தனித்தனியாக எழுதிவந்தேன்.
ஆறாம் நாள் நோட்டு நனைந்தது.
நல்லதாகப் போயிற்று.

படகுக் குழாமில் எனக்கு டிக்கெட் கவுண்ட்டர்.
அதோடு மைக்.
அரை மணி முடிந்ததும் கூப்பிட வேண்டும்:
ஏழாம் நம்பர், கரைக்கு வாங்க.
பதினொண்ணு, நேரம் முடிஞ்சுது, கரைக்கு வாங்க.
பதினோரு வருஷம்.
அலையாத்தி வளைவுக்கு அப்பால் போன யாரையும்
நான் விட்டதில்லை.
தேனிலவுக்கு வந்த ஒரு ஜோடி மட்டும்
ஒருநாள் கேட்காததுபோல் போய்க்கொண்டே இருந்தார்கள்.
பதினாலாம் நம்பர்.
தொண்டை கட்டும்வரை கூப்பிட்டேன்,
போகட்டும் என்று உள்ளே ஒரு குரல் சொல்லச் சொல்ல.

சொர்ணாவூரில் பாதித் தண்ணீர்
பாகூர் வாய்க்காலுக்குத் திரும்பிக்கொண்டது.
மீதியோடு நான்.
இடது கரை புதுச்சேரி, வலது கரை தமிழ்நாடு.
நடு ஆற்றில் செல்போன்
இரண்டு அரசாங்கத்துக்கும் மாறி மாறி வணக்கம் வைத்தது.

எட்டாம் இரவு, ஆல்பேட்டைப் பாலத்துக்குக் கொஞ்சம் மேலே
லாரி டியூப் ஒன்று இருட்டில் வந்து இடித்தது.
டியூப்மேல் சாக்கு. சாக்குக்குள் கண்ணாடி முணுமுணுப்பு.
சாக்கைப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் ஒரு ஆள்.
நீயும் சரக்கா?
இல்லிங்க, சும்மா.
சும்மான்னா?
அவருக்குப் புரியவில்லை. எனக்கும்தான்.
படகைத் தடவிப் பார்த்தார்.
இதுல எத்தன பெட்டி புடிக்கும்?
நாலு, என்றேன்,
நிஜமாகவே கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு.

அரிகிருஷ்ணன் என்று பேர் சொன்னார்.
பேர் சொல்லியிருக்க வேண்டாம் என்று உடனே நினைத்தார்போல,
பேச்சை மாற்றினார்:
ஏத்தம் வந்துருச்சு பாரு,
இனிமே எவ்வளவு வலிச்சாலும் பின்னாலதான் போவ.
ரெண்டு மணிக்கு மேல வடியும். அப்ப போ.
கையை விட்டு நக்கிப் பார்த்தேன்.
உப்பு.
ஒன்பது நாளில் முதல்முறை ஆறு மேற்கே போய்க்கொண்டிருந்தது.

தூண் ஓரம் ஒதுங்கிக் கிடந்தோம்.
என் கயிற்றின் நுனி அவர் கையில்.
மேலே லாரிகள், சோதனைச் சாவடி விசில்.
என் அவலில் பாதி அவருக்கு.
பதிலுக்கு ஒரு பாட்டில் நீட்டினார், வேண்டாம் என்றேன்.
எப்போது போனார் என்று தெரியாது.
விழித்தபோது கயிறு
தூணில் துருத்திய கம்பியில் கட்டியிருந்தது,
ஒரு இழுப்பில் அவிழும் முடிச்சு.

தாழங்குடா. விடியல்.
மணல் திட்டுக்கு இடையில் பத்தடி அகல வழி,
அதற்கப்பால் அலை
ஒவ்வொன்றாக எழுந்து உடைகிறது.
இந்தப் படகுக்கு அதில் வேலை இல்லை,
ஏலச் சீட்டிலேயே எழுதியிருந்தது.

துடுப்பை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.
வடிகிற நீர் படகைக் கொஞ்சம் கொஞ்சமாக
வாய்ப்பக்கம் கொண்டுபோனது.
யாராவது கூப்பிடுவார்கள் என்று
காது பின்னால் திரும்பியிருந்தது.

பதினாலு, என்றேன் நானே, மெதுவாக.
அதற்குமேல் சொல்லவில்லை.